சிகிச்சை முடிந்த பின்னும் தொடரும் அச்சம்

புற்றுநோய்ச் சிகிச்சை நிறைவுறும் நாளில் வீட்டார் இனிப்பு வாங்கி வருவதுண்டு. கதிர்வீச்சுப் பிரிவில் பணிபுரிவோரும் செவிலியரும் வாழ்த்தி அனுப்புவார்கள். மூன்று மாதங்கள் கழித்து அதே நோயாளி மறுபரிசோதனைக்கு வருகிறார். பரிசோதித்து முடித்து, "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று நாங்கள் கூறிய பின்னும் அவர் எழுந்து செல்வதில்லை. மடியிலுள்ள பையைச் சற்று நேரம் சரிசெய்துகொண்டிருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்: "மறுபடியும் வந்துடுமா, டாக்டர்?"

விழுப்புரம் நகரிலிருந்து வரும் ஆசிரியையும் இதைக் கேட்கிறார். திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் மணிலா பயிரிடும் விவசாயியும் இதையே கேட்கிறார். கேட்காதவர்களும் உண்டு. அவர்களின் மகனோ மகளோ பின்னர் எங்களைத் தனியே சந்தித்து, அவர்களுக்காகவும் தமக்காகவும் கேட்கிறார்கள்.

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. நோய் திரும்புமோ என்று அஞ்சுவதைக் கோழைத்தனம் என எவரும் எண்ண வேண்டா. அச்சம் மிகுவதால் நோய் திரும்பிவிட்டதாகவும் பொருளில்லை. அதை வேரோடு களைந்துவிட எங்களிடம் மருந்து கிடையாது. ஆனால் அதற்குரிய நாளையும் இடத்தையும் நாம் குறித்துக் கொடுக்க இயலும். குறித்துக் கொடுக்காவிட்டால் அச்சமே நம் நாட்களைக் குறிக்கத் தொடங்கும். சில வேளைகளில் மருத்துவமனைக்கு வரும் வழியையும் அடைத்துவிடும்.

சிகிச்சையின்போது இல்லாத அச்சம்

"சிகிச்சை நடந்தபோதுகூட இவ்வளவு பயமில்லை, முடிந்த பிறகுதான் தூக்கம் போயிற்று" என்று பலர் வியப்போடு சொல்கிறார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சிகிச்சைக் காலத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருந்தது. இன்று கீமோதெரபி, நாளை இரத்தப் பரிசோதனை, மறுநாள் கதிர்வீச்சு என்று நாட்கள் ஓடின. நோயை எதிர்த்து ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்ற உறுதி மனத்துக்கு இருந்தது. சுற்றிலும் மருத்துவர், செவிலியர், அதே நோயுள்ள பிறர் என்று துணையும் இருந்தது. சிகிச்சை முடிந்ததும் இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து என்று சீட்டில் எழுதித் தருகிறோம். அந்த மூன்று மாத அமைதியில்தான் அச்சம் பேசத் தொடங்குகிறது.

நம் பகுதி மக்களுக்கு இந்த அமைதி இன்னும் சற்று ஆழமானது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தினர் பலர் புதுச்சேரி ஜிப்மரிலோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலோ சிகிச்சை பெறுகிறார்கள். ஊர் திரும்பிய பின் இரவில் முதுகு வலித்தால், "இது அதுதானோ?" என்று உடனே கேட்க அருகில் எவரும் இல்லை. ஐயம் விடியும்வரை வளர்கிறது.

இந்நிலையைத் தெளிவாக விளக்கியவர் ஒரு மருத்துவர். அவரே புற்றுநோயாளியும் ஆவார். அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் தம் முப்பத்திரண்டாம் வயதில் நெஞ்சுக்குள் வளர்ந்த புற்றுநோய்க்கு ஆளானார். கடுமையான சிகிச்சைக்குப் பின் மீண்ட அவர், 1985-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதிய கட்டுரையில், மீண்டவரின் வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். நோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை நடக்கும் காலம் முதற் பருவம். சிகிச்சை முடிந்து, கண்காணிப்பில் காத்திருக்கும் காலம் இரண்டாவது. நோய் இனித் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைந்துவிட்ட காலம் மூன்றாவது. இவற்றுள் இரண்டாம் பருவத்தை ஆள்வது நோய் திரும்புமோ என்னும் அச்சமே என்று அவர் எழுதினார். சிகிச்சை முடிந்ததும் மருத்துவ உலகம் நோயாளியைத் தனியே விட்டுவிடுகிறது என்பதும் அவர் முன்வைத்த குறை. நோய் கண்ட பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 2019-இல் அவர் மறைந்தார்.

இவ்வச்சம் பரவலாகப் பேசப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளோடு குடிசைகளில் தொடங்கியபோது, இந்நோயிலிருந்து மீண்டு பல்லாண்டு வாழ்பவர்கள் மிகச் சிலரே. இன்று பெருந்தொகையினர் மீள்கிறார்கள். மீண்டவருக்கு மட்டுமே எழும் கேள்வி இது. அதைக் கேட்கும் நிலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் மட்டும் அல்ல

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 9,000-க்கும் மேற்பட்டோரின் விடைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. புற்றுநோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்குக் குறிப்பிடத்தக்க அளவில் இவ்வச்சம் இருந்தது. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, தனிப்பட்ட மனநல உதவி தேவைப்படும் அளவுக்கு அது கடுமையாக இருந்தது. இளம் வயதினரிடமும் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்பட்டது.

அச்சம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கடல் அலை போல் ஏறி இறங்கும். மறுபரிசோதனைக்கு முந்தைய வாரத்தில் ஏறும். நோய் கண்டறியப்பட்ட அதே மாதம் மறுபடி வரும்போது ஏறும். உடன் சிகிச்சை பெற்றவர் இறந்த செய்தி வந்தால் ஏறும். கைப்பேசியில் யாரோ அனுப்பிய, ஆதாரமற்ற புற்றுநோய்ச் செய்தியைப் படித்தாலும் ஏறும். எப்போது ஏறுகிறது என்று தெரிந்துகொண்டவருக்கு, இது இறங்கவும் செய்யும் என்பது தெரியும்.

அச்சத்தின் இரு முகங்கள்

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் இந்த அச்சத்தை இரண்டு முகங்களில் காண்கிறோம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது முதல் முகம். இத்தகையோர் நாள்தோறும் பலமுறை கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். மார்பை அழுத்திப் பார்க்கிறார்கள். அழுத்திப் பார்த்ததாலேயே அந்த இடம் வலிக்கிறது. வலிப்பதால் மீண்டும் அழுத்துகிறார்கள். ஒரு மருத்துவர் "ஒன்றுமில்லை" என்றால் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் வேறொரு மருத்துவரைத் தேடுகிறார்கள். பணமும் உறக்கமும் கரைகின்றன.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது" என்பது இரண்டாவது முகம். இவர்கள் அமைதியானவர்கள். எவரையும் தொல்லை செய்வதில்லை; மருத்துவமனைக்கும் வருவதில்லை. எங்களுக்கு அதிகக் கவலை தருபவர்கள் இவர்களே.

நாங்கள் கண்ட பலரின் நிலையை ஒருவரிடம் சேர்த்துச் சொல்கிறோம். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முழுச் சிகிச்சை பெற்றவர். முதல் இரண்டு மறுபரிசோதனைகளுக்குத் தவறாமல் வந்தார். மூன்றாவதற்கு வரவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் நாற்று நடவு என்றார். பின்னர் மகளுக்கு வரன் பார்க்கிறோம் என்றார். அமாவாசைதோறும் மேல்மலையனூருக்குச் சென்று அங்காளம்மனை வேண்டிக்கொள்ளத் தவறவில்லை. மருத்துவமனைக்கு மட்டும் கால் எழவில்லை. ஓராண்டு கழித்து இரத்தக் கசிவோடு வந்தபோது காரணம் கேட்டோம். "வந்தா ஏதாவது சொல்லிடுவீங்களோன்னு பயம். சொல்லாம இருந்தா இல்லாத மாதிரிதானே, டாக்டர்?" என்றார்.

அவருக்கு ஏற்பட்டிருந்தது நோயின் மீள்வருகை அன்று. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சுக்குப் பின் திசுக்கள் மெலிவதால் வரும் கசிவுதான். அதற்கு மருத்துவம் உண்டு; அது குணமாயிற்று. ஆனால் அவர் அந்த ஓராண்டை எப்படிக் கழித்தார் என்பதைச் சிந்தியுங்கள். இல்லாத நோயைச் சுமந்துகொண்டு, எவரிடமும் சொல்லாமல், ஒவ்வோர் இரவும் தன் முடிவைத் தானே தீர்மானித்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே நோய் திரும்பியிருந்தால், சிகிச்சைக்கு ஏற்ற மாதங்களும் அதில் போயிருக்கும்.

வேண்டுதலை நாங்கள் குறை கூறவில்லை. மயிலத்துக்கும் மேல்மலையனூருக்கும் செல்லுங்கள்; மனத்துக்கு அது வலிமை. திரும்பி வரும் வழியில் மறுபரிசோதனைக்கும் வாருங்கள்.

"எல்லா ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்"

இந்த வேண்டுகோள் நாள்தோறும் வருகிறது. உடல் முழுவதும் ஒருமுறை பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் அச்சம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். நாங்கள் மறுக்கும்போது, காப்பீட்டில் இடமில்லை போலும், அல்லது இவர்களுக்கு அக்கறையில்லை போலும் என்று எண்ணுகிறார்கள். ஆகவே காரணத்தை வெளிப்படையாகவே கூறுகிறோம்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களைக் கொண்டு இத்தாலியில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 1994-இல் வெளிவந்தன. ஒன்றில் 1,320 பெண்களும் மற்றொன்றில் 1,243 பெண்களும் பங்கேற்றனர். ஒரு பாதியினர்க்கு, தொந்தரவு ஏதும் இல்லாதபோதும், எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே போன்றவை குறித்த இடைவெளியில் எடுக்கப்பட்டன. மறுபாதியினர்க்கு மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டுமே. இரு தரப்பினரும் உயிர் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இதனால்தான், தொந்தரவு இல்லாத மார்பகப் புற்றுநோயாளிக்கு ஆண்டுக்கொரு மேமோகிராமைத் தவிர வேறு ஸ்கேன்களை வழக்கமாக நாங்கள் எழுதுவதில்லை.

தேவையற்ற ஸ்கேனுக்கு இன்னொரு தீங்கும் உண்டு. எவருடைய உடலைப் படம் எடுத்தாலும் எங்கேனும் ஒரு சிறு புள்ளி தெரியும்; பழைய சளியின் தழும்பாகவோ நீர்க்கட்டியாகவோ இருக்கும். அதற்கு மற்றொரு ஸ்கேன், அதற்கொரு ஊசிப் பரிசோதனை என்று அச்சம் ஆறு மாதம் நீளும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இதே விதி என்று கொள்ளலாகாது. பெருங்குடல் புற்றுநோயில் சி.இ.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கொலனோஸ்கோபியும் கண்காணிப்பின் பகுதிகளே. உங்கள் நோய்க்கு எந்தப் பரிசோதனை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை எழுதித் தருமாறு கேட்டுப் பெறுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பொதுவாகச் சில விவரங்கள்:

மார்பகப் புற்றுநோய்: முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை. டாமாக்சிஃபென் போன்ற மாத்திரையை 5 முதல் 10 ஆண்டுகள்வரை எழுதியிருந்தால், உடல் நலமாக இருக்கிறது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பாமல் காக்கும் மருந்து அதுவே.

கருப்பைவாய்ப் புற்றுநோய்: முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, 5-ஆம் ஆண்டுவரை 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை.

வாய், தொண்டைப் புற்றுநோய்: முதல் ஆண்டில் 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை, பின்னர் இடைவெளி கூடும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றிருந்தால் தைராய்டு இரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும்.

கருப்பைவாய், வாய், தொண்டைப் புற்றுநோய்கள் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகின்றன. ஒவ்வோர் ஆண்டும் கடக்கக் கடக்க வாய்ப்பு குறைகிறது. மார்பகப் புற்றுநோயில் சில வகைகள் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால் ஆண்டுப் பரிசோதனை தொடர்கிறது. "மறுபடியும் வந்துடுமா?" என்ற கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: வரவே வராது என்று எவராலும் உறுதி கூற இயலாது. உங்கள் நோயின் வகைக்கும் நிலைக்கும் ஏற்ற வாய்ப்பு என்ன என்பதை எங்களால் சொல்ல இயலும். வந்தால் காலத்தில் கண்டறிய வழி செய்திருக்கிறோம்.

எந்த வலியைப் பொருட்படுத்துவது?

புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கும் சளி பிடிக்கும், தலை வலிக்கும், வயல் வேலைக்குப் பின் இடுப்பு வலிக்கும். எது சாதாரணம், எது காட்ட வேண்டியது என்று பிரித்தறிய நாங்கள் சொல்லித் தரும் அளவுகோல் எளியது. புதிதாக வந்ததா? இரண்டு வாரமாகியும் போகவில்லையா? நாளுக்கு நாள் கூடுகிறதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அடுத்த மறுபரிசோதனைவரை காத்திராமல் வாருங்கள். வந்து வந்து போகும் வலியும், ஓய்வெடுத்தால் குறையும் வலியும் பெரும்பாலும் வேறு காரணத்தால் வருபவை.

சில அறிகுறிகளுக்கு இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டா. மாதவிடாய் நின்றவருக்கோ இடுப்பில் கதிர்வீச்சு பெற்றவருக்கோ இரத்தக் கசிவு, ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத் திணறல், வாந்தியோடு கூடிய கடும் தலைவலி, கால்கள் திடீரென வலுவிழத்தல், மார்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதிய கட்டி ஆகியவை இருந்தால் உடனே காட்டுங்கள். வாயில் தோன்றிய புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் காட்ட வேண்டும்.

சிகிச்சையின் பின்விளைவுகளே நோய் திரும்பியதுபோல் தோற்றம் தருவதும் உண்டு. சில கீமோதெரபி மருந்துகளுக்குப் பின் விரல் நுனிகள் பல மாதங்கள் மரத்துப்போகும். லெட்ரோசோல் மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கு மூட்டு வலி வரும். அக்குள் நெறிக்கட்டிகளை அகற்றிய பின் அந்தக் கை வீங்கலாம். கதிர்வீச்சு பட்ட தோல் தடித்துக் கெட்டியாகும். இவற்றையும் எங்களிடம் சொல்லுங்கள். பலவற்றுக்கு மருந்தோ பயிற்சியோ உண்டு. சொல்லாமல் சுமந்தால் ஒவ்வொன்றும் ஓர் இரவின் உறக்கத்தைக் கெடுக்கும்.

அச்சத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

எங்கள் நோயாளிகளுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் முறை ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் அடுத்த மறுபரிசோதனை நாளை எழுதுங்கள். அடுத்த பக்கங்களில், ஐயம் எழும்போதெல்லாம் தேதியிட்டு ஒரு வரி எழுதுங்கள்: "12-ஆம் தேதி, இடத் தோளில் வலி." எழுதிய பின் நோட்டை மூடி வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். பெரும்பாலான வலிகளை நீங்களே மறந்திருப்பீர்கள், அவற்றை அடித்துவிடலாம். மறையாதது எதுவோ அதுவே மருத்துவருக்குரிய கேள்வி. மறுபரிசோதனைக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள். எங்கள் முன் அமர்ந்தவுடன் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோவது எவருக்கும் இயல்பு, நோட்டு மறக்காது. எழுதப் பழக்கமில்லாதவருக்குப் பேரப்பிள்ளை எழுதித் தரலாம்.

மறுபரிசோதனைக்கு முந்தைய வாரம் கடினமானது என்று முன்னரே குறிப்பிட்டோம். அவ்வாரத்தில் வீட்டில் சும்மா இராமல் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். தனியே வராமல் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். பரிசோதனை முடிவு எப்போது, யாரிடமிருந்து கிடைக்கும் என்று கேட்டு அறிந்துகொண்டு செல்லுங்கள். தெரியாத நாளுக்குக் காத்திருப்பதைவிடத் தெரிந்த நாளுக்குக் காத்திருப்பது எளிது. செலவைக் கருதி வராதிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இரயில்வே தரும் கட்டணச் சலுகை சிகிச்சைக்கு மட்டுமின்றி மறுபரிசோதனைப் பயணத்துக்கும் உண்டு. அதற்குரிய சான்றிதழை மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள்.

உங்கள் கையில் இருப்பவை சிலவும் உள்ளன. பீடி, சிகரெட், வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலை ஆகியவற்றை விடுவது முதன்மையானது. அடுத்தது உடற்பயிற்சி. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2025-இல் வெளியாயிற்று. மூன்று ஆண்டுகள் முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் ஐந்தாம் ஆண்டில் சுமார் 80 விழுக்காட்டினர் நோயின்றி இருந்தனர். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் இது சுமார் 74 விழுக்காடு. விறுவிறுப்பான நடையே போதும். ஏரிக்கரையிலோ தெருவிலோ காலையில் நடக்கும் அரை மணி நேரம், உடலுக்கு மருந்து; அச்சத்தில் சுழலும் மனத்துக்கும் ஒரு வேலை.

வீட்டாருக்குச் சில சொற்கள்

அன்பினால் சொல்லும் சொற்களே சில வேளைகளில் கதவை அடைத்துவிடுகின்றன. "அதையே நினைக்காதே", "நல்லதையே பேசு" என்று நாம் கூறும்போது, "உன் பயத்தை என்னிடம் கொண்டுவராதே" என்றே அவர் புரிந்துகொள்கிறார். அன்று முதல் அவர் பேசுவதை நிறுத்துகிறார், அஞ்சுவதை நிறுத்துவதில்லை. அதற்கு மாறாக, "பயமா இருக்கா? என்னன்னு சொல்லும்மா" என்று கேட்டு, பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள். விடை சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "டாக்டரிடம் கேட்போம், நோட்டில் எழுதி வை" என்றால் போதும்.

"இளைச்சுப் போயிட்டீங்களே" என்று வாசலில் நின்று சொல்லும் உறவினரையும் அன்போடு தடுத்துவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக அன்று இரவு முழுவதும் எடை பார்க்கும் கருவியின் முன் நின்றவர்களை நாங்கள் அறிவோம். தட்டு, டம்ளரைத் தனியே வைக்க வேண்டா, புற்றுநோய் தொற்றாது.

வீட்டில் திருமண வயதில் பெண் இருந்தால், தாயின் நோயை மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் மறுபரிசோதனையை நிறுத்துவது நம் பகுதியில் நடக்கிறது. ஊருக்கு எதைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஊருக்கு அஞ்சித் தாயின் கண்காணிப்பை நிறுத்தினால், அந்தத் திருமணத்துக்குப் பின் வரும் ஆண்டுகளில் அப்பெண்ணுக்குத் தாய் துணை இல்லாமற் போகக்கூடும். மருத்துவமனைக்கு வருவதை எவருக்கும் அறிவிக்க வேண்டிய தேவையில்லை, வந்தால் போதும்.

நோயாளியைக் காப்பவர்களின் அச்சம் நோயாளியின் அச்சத்துக்குக் குறைந்ததன்று. இரவில் மனைவியின் மூச்சைக் கவனித்தபடி விழித்திருக்கும் கணவரும், தாயின் இருமலைக் கேட்டு வேலையிலிருந்து ஓடிவரும் மகனும் தங்களுக்கும் உதவி கேட்கலாம். மறுபரிசோதனை நாளில் உங்களுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

எப்போது கூடுதல் உதவி தேவை?

பெரும்பாலோர்க்குத் தெளிவான விளக்கமும் ஒழுங்கான கண்காணிப்புமே போதும். ஆனால் பின்வருவன ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல உதவி நாட வேண்டும்: பெரும்பாலான இரவுகளில் உறக்கமின்மை, நாளின் பெரும்பொழுது இதே நினைவு, வேலைக்கோ விசேஷங்களுக்கோ செல்ல இயலாமை, உடலைத் திரும்பத் திரும்பச் சோதித்தல், மறுபரிசோதனையைத் தவிர்த்தல். வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

இதற்கு உதவி உண்டு. அது பலன் தருவதும் ஆய்வுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 222 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஐந்து அமர்வுகளில் நோயாளியோடு பேசினார். அச்ச எண்ணம் வரும்போது அதனோடு வாதாடாமல் வந்து போக விடுவது, கவனத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகுவது, வாழ்வில் தமக்கு முதன்மையானது எது என்று தெளிவது, மறுபரிசோதனையை அளவோடு மேற்கொள்வது ஆகியவை கற்பிக்கப்பட்டன. தளர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் அச்சம் கூடுதலாகக் குறைந்தது.

நம் பகுதியில், முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். அடையாறில் சிகிச்சை பெற்றவர்கள் அங்குள்ள உளவியல்-புற்றுநோயியல் துறையை மறுபரிசோதனை நாளிலேயே சந்திக்கலாம். வீட்டிலிருந்தபடியே பேச விரும்பினால், 14416 என்ற டெலி-மானஸ் எண் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதால் 'பைத்தியம்' என்று பெயர் வருமோ என்று தயங்க வேண்டா. கீமோதெரபியின்போது வாந்திக்கு மருந்து வாங்கிக்கொண்டோம் அல்லவா? இதுவும் அதைப் போன்றதே.

அச்சம் இருக்கும்போதே வாழ்வது

"பயம் போகட்டும், அப்புறம் வேலைக்குப் போறேன்" என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கை நீங்கள் அறிவீர்கள். 2011 மார்ச் 20 அன்று சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக, உடல்நலக் குறைவோடு வாந்தியெடுத்தபடியே அவர் 113 ரன்கள் அடித்தார். பின்னர் அவருக்கு நெஞ்சுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் கீமோதெரபி பெற்றார். 2012 செப்டம்பர் 11 அன்று அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் இந்திய அணிக்கு ஆடினார். 34 ரன்கள் எடுத்தார். சிகிச்சை முடிந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. கண்காணிப்புக் காலத்தின் தொடக்கத்திலேயே அவர் தம் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

உங்கள் சேப்பாக்கம் எது என்பது உங்களுக்கே தெரியும். ஒருவருக்கு அது வகுப்பறை. ஒருவருக்கு மணிலாக் கொல்லை. ஒருவருக்குத் திண்டிவனம் சந்தையில் போடும் காய்கறிக் கடை. ஒருவருக்குப் பேத்தியைப் பள்ளியில் விட்டு வரும் காலைப் பொழுது. அச்சம் முழுவதும் தீர்ந்த பின் தொடங்கலாம் என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள். அச்சத்துக்கு உரிய நாள் மறுபரிசோதனை நாள். உரிய இடம் எங்கள் அறை. அங்கே அதைத் தயங்காமல் கொண்டு வாருங்கள். மற்ற நாட்கள் உங்களுடையவை.

இதைப் படித்து முடித்ததும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். உங்கள் சிகிச்சைச் சீட்டை எடுத்து, அடுத்த மறுபரிசோதனை நாள் எது என்று பாருங்கள். அந்நாள் கடந்துபோயிருந்தால், தாமதத்துக்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். நாளையே வாருங்கள்.